தலையணையில் உட்காராதே: பாட்டி பயந்ததெல்லாம் ஊரிலிருந்து வந்ததா, இங்கே ஒட்டிக்கொண்டதா?

செந்தூல் பேரன் | சனி, இரவு 9.40

வணக்கம். போன வாரம் என் மகள் தலையணையைத் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுந்திரு, பின்னால கட்டி வரும்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனைவி சிரித்தாள். அவள் திருநெல்வேலிக்காரி, கல்யாணமாகி இங்கே மலேசியாவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. "எங்க ஊர்ல யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. உங்க பாட்டியே கண்டுபிடிச்சதா?" என்றாள்.

அன்றிலிருந்து இதே யோசனை. எங்கள் பாட்டி கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தவர். தாத்தாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. பள்ளி விடுமுறை விட்டால் நாங்கள் பேரப்பிள்ளைகள் அங்கேதான் கிடப்போம். அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் ஒரு தடை இருக்கும். விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டக் கூடாது. கூட்டியே ஆகவேண்டும் என்றால் குப்பையை மூலையில் ஒதுக்கி வைத்து, விடிந்த பிறகுதான் வெளியே தள்ள வேண்டும். உப்பு, ஊசி, காசு மூன்றும் அந்த நேரத்தில் படி தாண்டாது. பக்கத்து வீட்டு அம்மா கிண்ணத்தோடு உப்பு கேட்டு வந்தால், "இல்லை" என்ற சொல்லும் ஆகாது என்பதால், "கடைக்குப் போகணும்மா" என்று மழுப்புவார். அந்த அம்மா திரும்பியதும் உப்பு ஜாடியின் மூடியை ஒரு தட்டுத் தட்டி, "நிறைய இருக்கு" என்று ஜாடியிடமே சொல்வார். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

செவ்வாய், வெள்ளி நகம் வெட்டக் கூடாது. இரவில் விசில் அடித்தால் பாம்பு வரும். சோற்றைத் தட்டில் மிச்சம் வைத்தால் கட்டிக்கொள்கிறவள் முகத்தில் அம்மைத் தழும்பு. வானவில்லை விரலால் காட்டினால் விரல் கோணிப்போகும். சமையலறையில் பாட்டுப் பாடினால் கிழவன்தான் மாப்பிள்ளையாக வருவான் என்று அக்காவை மிரட்டுவார். (அக்காவுக்கு வந்தவர் அவளைவிட இரண்டு வயது இளையவர். அது வேறு கதை.) இது போக, பீரோக் கதவில் ராகு காலச் சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் பார்க்காமல் யாரும் செருப்பு மாட்டுவதில்லை.

மனைவியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். நகம், துடைப்பம், உப்பு, பாம்புக்குத் தலையாட்டினாள். மற்றதெல்லாம் புதுசு என்கிறாள். அப்படியானால் பாட்டி எங்கே பிடித்தார்? உங்கள் வீட்டில் எப்படி?

ஆயர் ஈத்தாம் அக்கா | சனி, இரவு 10.15

தம்பி, தலையணையும் சமையலறைப் பாட்டும் மலாய்க்காரர் வீட்டுச் சரக்கு. எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக் தன் பேத்திகளை இதே வார்த்தையில்தான் திட்டுவார். உங்கள் பாட்டி வேலி ஓரம் நின்று பேசும்போது வாங்கியிருப்பார். அந்தக் காலத்தில் கறிவேப்பிலை அந்தப் பக்கம் போகும், பாண்டான் இலை இந்தப் பக்கம் வரும், கூடவே இதுவும் வந்திருக்கும். சோற்றுப் பருக்கையும் அம்மைத் தழும்பும் சீனர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது.

நிலாவை விட்டுவிட்டீர்களே! நிலாவை விரலால் காட்டினால் காதுக்குப் பின்னால் அறுபட்டுவிடும் என்பார்கள். அதுவும் சீனர் வழிதான். எனக்கு ஏழு வயதிருக்கும். வாசலில் நின்று தம்பிக்கு நிலாவைக் காட்டிவிட்டேன். காலையில் எழுந்து தொட்டுப் பார்த்தால் காதுக்குப் பின்னால் ஈரமாக ஒரு வெடிப்பு, நல்ல எரிச்சல். அது சொறிப்புண் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அம்மா என்ன செய்தார் தெரியுமா? மருந்தும் போட்டார், இரவு மறுபடி வாசலில் நிறுத்தி நிலாவைப் பார்த்து மூன்று தரம் கும்பிடவும் வைத்தார். கும்பிட்டது தமிழ்க் கும்பிடு, மன்னிப்புக் கேட்டது சீனத்து நிலாவிடம். புண் ஆறிவிட்டது. எதனால் ஆறியது என்று அம்மாவிடம் கேட்டால் நிலாவைத்தான் சொல்வார்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 7.05

பீரோவில் ஒட்டிய சீட்டைப் பற்றி ஒரு விஷயம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, கணக்கு தப்பாக இருந்தால் மட்டும் பொறுக்காது.

ராகு காலம் கடிகார நேரம் அல்ல. சூரியன் உதிப்பது முதல் மறைவது வரை உள்ள பகலை எட்டுப் பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு, வெள்ளிக்கு நான்காம் பங்கு. "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று மனப்பாடம் செய்தோமே, அந்த வரிசைதான். உதயம் ஆறு, அத்தமனம் ஆறு என்று வைத்துக்கொண்டு திங்கள் 7.30 முதல் 9 வரை என்று அச்சடித்தார்கள். தமிழ்நாட்டுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். கோலாலம்பூரில் சூரியன் ஆறு மணிக்கு எழுந்ததை யாராவது பார்த்திருக்கிறீர்களா? இங்கே வருடம் முழுவதும் ஏறத்தாழ ஏழிலிருந்து ஏழரைக்குள்தான் உதயம். ஏழேகால் என்று வைத்துக்கொண்டால் திங்கட்கிழமை ராகு காலம் 8.45க்குத் தொடங்கி 10.15க்கு முடியும். சீட்டைப் பார்த்து ஒன்பது மணி வரை வீட்டில் காத்திருந்தவர், ராகு கதவைத் திறந்து கால் மணி நேரம் கழித்து அதற்குள்ளேயே நடந்து போயிருக்கிறார்.

இன்னும் இருக்கிறது. இந்தக் கடிகாரமும் ஒரே இடத்தில் நின்றதில்லை. நாம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் வந்தது 1982 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் ஏழரை மணி நேரம். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் முள்ளை நேராகப் பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள், கடல் தாண்டி இருக்கும் சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. ஜப்பான்காரன் காலத்தில் இதைவிட மோசம். டோக்கியோ நேரம்தான் இங்கேயும் நேரம் என்று ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டான். ஒன்றரை மணி என்பது முழுதாக ஒரு ராகு காலம். அந்த மூன்றரை வருடம் சீட்டை நம்பி நடந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் மாடிவீடு | ஞாயிறு, காலை 7.31

அப்போ நான் அசல் ராகு காலத்தில்தான் தாலி கட்டியிருக்கிறேன். இப்போதுதான் எல்லாம் புரிகிறது.

செந்தூல் பேரன் | ஞாயிறு, காலை 8.20

கணக்குப்பிள்ளை ஐயா, நீங்கள் 1982ஐச் சொன்னதும் மறந்தே போயிருந்த ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பாட்டி தன் கடிகாரத்தை மாற்றவில்லை! பச்சை நிறத்தில், சாவி கொடுக்கிற அலாரம் கடிகாரம் ஒன்று சாமி மேடையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் பெயரே சாமிக் கடிகாரம். கூடத்துக் கடிகாரம் ஏழு அடித்தால் அது ஆறரை காட்டும். "அரசாங்கம் சொன்னா ஆபிசுக்குப் போறவன் மாத்திக்கட்டும், சாமிக்கு யாரு சொல்றது?" என்பார். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எல்லோரும் போய் சாமிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வருவோம். பேருந்தை மட்டும் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துப் பிடிப்போம். பரீட்சைக்குப் போகும்போது ஒரு தரம் இரண்டையும் குழப்பிக்கொண்டு, அரை மணி நேரம் முன்னதாகப் போய் பூட்டிய கேட்டு முன்னால் நின்றேன்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 8.34

பாட்டி பாதி சரி. பழைய நேரப்படி உதயம் ஆறரை முதல் ஏழுக்குள். அப்படியும் அரை மணியாவது இடிக்கும். ஆனாலும் அந்த வீட்டில் சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

பட்டர்வொர்த் படகு | ஞாயிறு, பகல் 12.10

நேரத்தை விடுங்கள், எண்ணுக்கு வாருங்கள். எங்கள் அப்பா வீடு தேடியபோது ஒரு வரிசையில் 44ஆம் எண் மட்டும் விலை போகாமல் கிடந்தது. ஹொக்கியன் சீனத்தில் நாலும் "சீ", சாவும் "சீ", தொனிதான் வேறு. மின்தூக்கியில் நாலாம் மாடிக்கு 3ஏ என்று போட்டிருப்பதும் இதனால்தான். சீனர் ஒருவரும் அந்த வீட்டைத் தொடவில்லை. அப்பாவுக்கு ஒரே குஷி. விலையைக் குறைத்துப் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தார்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி: "நாலும் நாலும் எத்தனை?"

எட்டு. சனி. சீனர்களுக்கு எட்டு என்றால் பணம் கொட்டும், அதற்காக வண்டி எண்ணுக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) ஏலம் கேட்பார்கள். நமக்கோ கூட்டினால் எட்டு வரக் கூடாது. உலகத்திலேயே சீனரும் தமிழரும் சேர்ந்து பயப்படுகிற ஒரே வீட்டை அப்பா தேடிப் பிடித்திருக்கிறார். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. பிறகு யாரோ ஒரு எண் சோதிடக்காரர் வழி சொன்னார்: 'ஏ' என்ற எழுத்துக்கு மதிப்பு ஒன்று, அதைச் சேர்த்தால் ஒன்பது. அப்பா சிவப்புச் சாயம் வாங்கி வந்து கேட்டில் 44ஏ என்று தன் கையாலேயே எழுதினார். அப்புறம் பல வருடம், புதிதாக வருகிற தபால்காரர் ஒவ்வொருவரும் 44க்கும் 46க்கும் நடுவில் இன்னொரு வீட்டைத் தேடி வெயிலில் நின்றார்கள். வீடு இன்றைக்கும் எங்களிடம்தான் இருக்கிறது. ராசியான வீடுதான், கூரை ஒழுகும், அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ் மாடிவீடு | ஞாயிறு, பகல் 12.48

போன மாதம் குழந்தைக்கு உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டோம். புகை நடைபாதை முழுக்கப் பரவி, எதிர்வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வந்து கதவைத் தட்ட, காவலாளி தீயணைப்புக் கருவியோடு மேலே வந்துவிட்டார். நெடி வந்ததால் திருஷ்டியே இல்லை என்று மாமியார் தீர்ப்பு. அதை நிரூபிக்க ஒரு மாடியே இரும வேண்டியிருந்தது.

கறுப்புச்சட்டை வீடு | ஞாயிறு, பிற்பகல் 3.22

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், நல்லது. நானும் படித்துச் சிரித்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை.

பெரியார் 1929 டிசம்பரில் கப்பலில் வந்து பினாங்கில் இறங்கினார். அதற்குப் பிறகு இங்கே எத்தனையோ வீடுகளில் சுயமரியாதை பேசினார்கள். எங்கள் தாத்தா அந்த வழியில் வந்தவர். கறுப்புச் சட்டைதான் போடுவார், நல்ல நேரம் பார்க்க மாட்டார். அப்படிப்பட்டவர் வெளியே கிளம்பும்போது யாராவது தும்மினால் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். கேட்டால் தாகம் என்பார். இதுவும் சிரிப்புக்குத்தான்.

சிரிக்க முடியாதது அத்தை கதை. அத்தைக்கு இருபத்தாறு வயதில் கணவர் போய்விட்டார். எங்கள் வீட்டிலேயேதான் கடைசி வரை இருந்தார். யார் வெளியே கிளம்பினாலும் அத்தை எதிரே வரக் கூடாது. யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அவரே ஒதுங்கிக்கொள்வார். காலையில் வாசல் தெளிக்க வேண்டும் என்றால் முதலில் சன்னல் திரையை ஒரு விரல் அகலம் விலக்கித் தெருவைப் பார்ப்பார். எதிர்வீட்டு டாக்சிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று வாளியோடு கதவுக்குப் பின்னால் நிற்பார். அவர் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் வாளியின் அடி வட்டமாகத் தேய்ந்திருக்கும். பள்ளிக்குப் போகும்போது அந்த வட்டத்தில் ஒற்றைக்காலில் நின்று விளையாடுவேன். அது எதனால் வந்த வட்டம் என்று புரிய எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது.

தலையணையில் உட்கார்ந்தால் கட்டி வரும் என்பதும் இதுவும் ஒரே பானையில் வெந்த சோறுதான். அதனால்தான் எனக்கு இந்தப் பேச்சு இனிப்பதில்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா | ஞாயிறு, மாலை 4.05

தம்பி சொன்னது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் ஒரே பானை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பிள்ளை தலையணையில் உட்காராமல் இருந்தால் யாருக்கும் நட்டம் இல்லை. உங்கள் அத்தையைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியது வீட்டு ஆண்களுக்கும் தெருவுக்கும் வசதியாக இருந்தது. வசதியாக இருப்பதைத்தான் யாரும் மாற்றுவதில்லை. எங்கள் அம்மா நகம், நிலா எல்லாம் பார்ப்பார். ஆனால் என் கல்யாணத்தில் முதல் மஞ்சள் பூச விதவையான என் பெரியம்மாவைத்தான் கூப்பிட்டார். சபையில் முணுமுணுத்தார்கள். "அவ வளத்த பொண்ணு" என்று ஒரே வார்த்தை, அதோடு அடங்கிவிட்டது.

சூலியா தெரு | ஞாயிறு, இரவு 8.50

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பினாங்கில் எங்கள் கடை சூலியா தெருவில், நாகூர் தர்காவுக்குக் கொஞ்ச தூரத்தில். அத்தா காலத்தில் வியாழன் மாலையில் கடை வாசலில் நின்றால் தெரியும்: பயந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நெற்றியில் குங்குமம் வைத்த தாய்மார்கள் வருவார்கள். தண்ணீர் ஓதி முகத்தில் தெளித்து, மிச்சத்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார்கள். அதே பிள்ளைக்கு மறுநாள் தண்ணீர்மலைக் கோயில் விபூதியும் வைத்திருப்பார்கள். காய்ச்சல் நிற்கவில்லை என்றால் மூன்றாவதாகக் கிளினிக். அந்த வரிசைதான் எனக்குச் சரியில்லை என்று பட்டது.

உங்கள் "விளக்கு வைக்கிற நேரம்" எங்களுக்கு மக்ரிப். அந்த நேரத்தில் பிள்ளைகள் வெளியே நிற்கக் கூடாது என்பதில் மலாய்க்காரர், நாங்கள், நீங்கள் எல்லோரும் ஒன்று. தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருப்போம், பாங்கு கேட்டதும் ஐந்து வீட்டிலிருந்து மூன்று மொழியில் அதட்டல் வரும். இன்னொன்று, இருட்டில் கம்போஜாப் பூ வாசனை வந்தால் "என்ன வாசனை" என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது, கேட்டால் பொந்தியானாக் என்ற பெண் பேய் பதில் சொல்லும். மலாய்க்காரர் மையத்துக்கொல்லையில் (இடுகாட்டில்) அந்த மரம் நிறைய நிற்கும், அதனால் வந்த பயம். என் பேரன் இப்போது அதே வாசனையில் அறைக்கு மணம் போடுகிற போத்தலை வாங்கி வைத்திருக்கிறான். நான் இன்னும் அந்த அறைக்குள் போய் ஒன்றும் சொல்வதில்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா | ஞாயிறு, இரவு 9.12

பாய் சொன்னதும் சீனர்களின் ஏழாம் மாதம் ஞாபகம் வருகிறது. பசித்த ஆவிகளுக்குக் கதவு திறந்துவிடுகிற மாதம். தெருவில் கூத்து மேடை போட்டு, முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விடுவார்கள், வருகிறவர்கள் உட்காரட்டும் என்று. ஒரு வருடம் விவரம் தெரியாத எங்கள் மாமா, ஊரிலிருந்து வந்தவர், நல்ல இடம் கிடைத்தது என்று நடு நாற்காலியில் போய் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார். ஒருத்தரும் எழுப்பவில்லை, எழுப்பினால் எது எழும் என்று பயம்! ஓரத்தில் காகிதப் பணம் எரித்த சாம்பலை நாங்கள் தாண்டித்தான் நடப்போம், மிதிக்க மாட்டோம். நம் ஆடி முடிகிற சமயத்தில்தான் அநேகமாக அந்த மாதமும் வரும். ஆடியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை, ஏழாம் மாதத்தில் அவர்கள் வைப்பதில்லை.

சீனர் இழவு வீட்டில் இனிப்பு மிட்டாயும் சிவப்பு நூலும் கொடுப்பார்களே, அதை இங்கே எத்தனை பேர் வாங்கிக்கொள்கிறீர்கள்? நான் மிட்டாயை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து வாசலில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போவேன். இரண்டு பக்கமும் பத்திரம்.

பத்துமலை அடிவாரம் | ஞாயிறு, இரவு 11.30

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு தடைதான் கடுமை. "போறேன்" என்று சொல்லக் கூடாது. எல்லார் வீட்டிலும் உண்டு என்பீர்கள். எங்கள் பாட்டி அதில் மூர்க்கம். கடைக்குப் போகிற பிள்ளைகூட "போய்ட்டு வரேன்" என்று முழுசாகச் சொல்ல வேண்டும். வாய் தவறினால் தெருக்கோடியிலிருந்தும் திருப்பி அழைத்து, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி கிளப்புவார். எனக்குப் பள்ளிப் பேருந்தே இரண்டு தரம் இதனால் போயிருக்கிறது.

பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1943இல் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது அவருடைய அண்ணனைக் கொண்டுபோனார்கள். லாரியில் ஏறும்போது அண்ணன் "போறேன் புள்ள" என்று சொன்னாராம். அவ்வளவுதான். ஆளும் வரவில்லை, ஒரு சேதியும் இல்லை. பாட்டி இதை அழுதுகொண்டெல்லாம் சொன்னதில்லை. பேரப்பிள்ளைகளைத் திட்டும்போது நடுவில் ஒரு வரியாக வரும்.

பாட்டி தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்தார். இழவு வீட்டிலும் சுடுகாட்டிலும் "போய்ட்டு வரேன்" சொல்லக் கூடாது, சொல்லாமல் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்று பெரியவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். எனக்கும் தெரியும். எல்லாம் முடிந்து கிளம்பும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது. சித்தப்பா திரும்பி முறைத்தார். அப்புறம் அவரும் மெதுவாகச் சொன்னார்.

கறுப்புச்சட்டை வீடு | திங்கள், காலை 6.58

இதற்கு என்னிடம் பதில் இல்லை, அண்ணே.

செந்தூல் பேரன் | திங்கள், காலை 8.02

நேற்று இரவு முழுவதையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் உடனே ஊருக்கு அழைத்து, தன் அம்மாவிடம் தலையணை, நிலா, வானவில் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எதையுமே கேள்விப்பட்டதில்லை என்றார். கடைசியில், "ஆனா உப்பு ஜாடியத் தட்டி நிறைய இருக்குன்னு சொல்றது எங்க ஆச்சியும் சொல்லும்" என்றார். ஆக ஜாடி கப்பலில் வந்தது, தலையணை வேலி தாண்டி வந்தது. எனக்கு அது போதும்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் பார்த்தேன். சாமிக் கடிகாரம் இருக்கிறது. பின்பக்கம் துருவேறியிருந்தாலும் சாவி கொடுத்ததும் ஓடுகிறது. மகள் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எந்த நேரத்துக்கு வைப்பது என்றுதான் தெரியவில்லை. பழைய நேரமா, புது நேரமா?

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 8.11

எதுவாக இருந்தாலும் 8.45க்குள் வைத்துவிடுங்கள். இன்று திங்கட்கிழமை.